ஆடுகள் தேடி வந்த பிள்ளை

வேப்பமரத்தடியில் ஏழெட்டுத் தாய்மார் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த குழந்தைகள் ஆஸ்பத்திரியில் லேப் ஜன்னலுக்கு நேர் எதிரே அந்த மரம். தெருவில் திரிந்த வெள்ளாடு ஒன்று கேட்டுக்குள் நுழைந்தது. ஒரு பிள்ளையின் கையில் வாழைப்பழம் இருந்தது. ஆடு அதைப் பார்க்கவே இல்லை. மற்றவர்களையெல்லாம் தாண்டி, ஓரமாகத் தனியே உட்கார்ந்திருந்த ஒருத்தியிடம் போய் நின்றது. அவள் மடியில் கிடந்த பையனின் நெற்றியை நக்கியது. பிறகு கழுத்தை, பிறகு உள்ளங்காலை. அவசரமே இல்லாமல், தண்ணீர் குடிப்பதுபோல நக்கியது. பையன் அழவில்லை. பழகியவன்போலக் கண்ணை மூடிக்கொண்டான். செத்த நேரத்தில் இன்னொரு ஆடும் வந்தது.

உப்பு. அந்த ஒரு சொல்தான் என் தலைக்குள் விழுந்தது. கையிலிருந்த ரத்தச் சோதனைக் குழாயை அப்படியே வைத்துவிட்டு வெளியே ஓடினேன்.

சென்ற மாதம் ஓர் இளம் டாக்டர், இந்தப் பக்கம் புதிதாக வந்திருப்பவர், என்னிடம் கேட்டார்: "ஜீன் டெஸ்ட் எதுவும் இல்லாத காலத்துல சிஸ்டிக் ஃபைப்ரோசிஸை எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க?" ஆடு கண்டுபிடித்தது என்றேன். சிரித்துவிட்டு, அதை எழுதித் தாருங்கள் என்றார். ஓய்வு பெற்ற பிறகும் என்னால் சும்மா உட்கார முடிவதில்லை. எழுதுகிறேன்.

எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். வேதியியலில் பி.எஸ்ஸி., அதன்மேல் லேப் டெக்னீசியன் படிப்பு. எண்பதுகளின் நடுவில் வேலைக்குச் சேர்ந்தேன். தினமும் பஸ்ஸில் போய்வருவேன். மலம், சிறுநீர், ரத்தம் என்று மூன்றே சோதனைகளைத் திரும்பத் திரும்பச் செய்து எனக்கு அலுத்துப் போயிருந்தது. எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் தேவசகாயத்தின் அறையில் கட்டுக்கட்டாக வெளிநாட்டு மருத்துவ இதழ்கள் கிடக்கும். சாப்பாட்டு நேரத்தில் அவற்றைத்தான் படிப்பேன். அதில்தான் அந்த நோயைப் படித்திருந்தேன். பிறவியிலேயே வருவது. நுரையீரலில் சளி கோந்துபோல இறுகும். உணவைச் செரிக்கவைக்கும் கணையம் அடைத்துக்கொள்ளும். வியர்வையில் உப்பு அளவுக்கு மீறி வெளியேறும்.

ஓடிப்போய் அவளிடம் கேட்டேன். "ஆடு எப்பவும் இப்படித்தான் வருமா?"

"இவன்கிட்ட எப்பவும் வரும் சிஸ்டர்." சேலை முந்தானையால் பையனின் நெற்றியைத் துடைத்தாள். "இவனுக்கு முன்னால மூணு பேரு. அவியகிட்டயும் இப்படித்தான் வந்துச்சு."

"அவங்க எங்கே?"

"இல்ல" என்றாள். எதையோ ஒப்பிப்பதுபோலச் சொன்னாள்: "மூணும் கத்திரி வெயில்லதான் போச்சு. மூணாவதைப் பொதைச்சிட்டு மறுநா பால் ஊத்தப் போனோம். ஆடுக சுத்தி நிக்கி. மண்ணை நக்கிட்டு நிக்கி."

நல்ல வெயில் நேரம். இருவரையும் உள்ளே நிழலுக்குக் கூட்டிவந்து உட்காரவைத்தேன்.

அவள் பெயர் பேச்சியம்மாள். ஊர் சேத்தூர். கணவன் காளிமுத்து பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறியில் வேலை பார்த்தான். அவளுக்கு அவன் சொந்தத் தாய்மாமன். அவளுடைய அம்மாவும் தாய்மாமனைத்தான் கட்டியிருந்தாள். மடியில் கிடந்தவன் மாரிச்சாமி. மூன்று வயது முடிந்தும் கைகால் குச்சியாக இருந்தது. ஓயாத சளி, எண்ணெய் மிதக்கும் மலம்.

டாக்டர் தேவசகாயத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். உயரமானவர், குரல் உயராதவர். கைக்குழந்தையைக்கூட "வாங்க, உக்காருங்க" என்பார். எந்த நோயாளியையும் "பாவம்" என்று சொல்ல மாட்டார். யாராவது சொன்னால், "பாவம்னு சொல்லிட்டா வேலை முடிஞ்சிடுமா?" என்பார். நான் மூச்சுவாங்க ஆட்டுக் கதையைச் சொன்னதும் எழுந்து வந்தார். விரல்நுனியை மாரிச்சாமியின் நெற்றியில் வைத்தார், எடுத்தார், தன் நாக்கில் வைத்துக்கொண்டார். கண்ணை மூடி நின்றார். கோயிலில் பிரசாதம் வாங்கியவர்போல இருந்தது. பிறகு பேச்சியம்மாளிடம் கேட்டார்: "பிள்ளைக்கு முத்தம் குடுத்தா என்ன ருசிம்மா இருக்கும்?"

அவள் வெட்கப்பட்டாள். "கரிக்கும்" என்றாள். "பிள்ளைன்னா கரிக்காதா சார்?"

நான்கு பெற்றவள். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தாள்.

"பெரிய ஊர்ல கேட்டா இது வெள்ளைக்காரனுக்கு வர்ற நோய், நம்மள்ல இல்லேன்னுதான் சொல்லுவாங்க விஜயா" என்றார் டாக்டர் என்னிடம். "வியர்வையை அளந்து காட்டணும். முடியுமா?"

முடியாது என்று சொல்லும் வயதா அது? அன்றைக்கே ஆரம்பித்தேன். கண் நோய்க்கு விடும் பைலோகார்பின் சொட்டு மருந்துக்கு வியர்வையைச் சுரக்கவைக்கும் குணம் உண்டு. அதைத் துணியில் நனைத்து முன்கையில் வைத்து, இரண்டு உலோகத் தகடுகளைக் கட்டி, மிக மெல்லிய மின்சாரம் செலுத்தினால் மருந்து தோலுக்குள் இறங்கும். கரண்டு கம்பியை நம்பிப் பிள்ளையின் கையில் வைக்க முடியாது. டார்ச் பேட்டரிகளை வரிசையாக அடுக்கி, ரேடியோ ரிப்பேர் கடையில் ஒரு மீட்டர் வாங்கிச் சேர்த்தேன். சில நிமிடத்தில் தோல் சிவக்கும். அந்த இடத்தைக் கழுவித் துடைத்து, முன்பே எடை போட்ட துணியை வைத்து, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி ஒட்டி, அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். துணியை மறுபடி எடை போட்டால் வியர்வையின் எடை தெரியும். அதிலுள்ள குளோரைடை அளந்தால் உப்பு தெரியும்.

பிள்ளைக்குச் செய்யும் முன் எங்களுக்கே செய்து பார்த்தோம். என் கை. உப்பு தாறுமாறாகக் கூடுதல். டாக்டரின் கை. அவருக்கும் அப்படியே. வாட்ச்மேன், நர்ஸ், யாரைச் சோதித்தாலும் அந்த நோய். டாக்டர் முடிவைப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் சொன்னார்: "நாம எல்லாரும் சின்ன வயசுலயே செத்துட்டோம் விஜயா. தெரியாம வேலைக்கு வந்துகிட்டு இருக்கோம்."

வேடிக்கைதான். ஆனால் அன்று மத்தியானம் ஆளில்லாத வராந்தாவில் நடந்தபோது என் கையை நானே ஒருமுறை கிள்ளிப் பார்த்துக்கொண்டேன்.

காரணம் துணி. எங்கள் பகுதியில் பேண்டேஜ் துணிக்குப் பஞ்சமே இல்லை. காளிமுத்துவே வெளுத்து முடித்த துணியைக் கொண்டுவந்து கொடுத்தான். வெள்ளை வெளேரென்று இருந்தது. வெளுப்பதற்குப் போட்ட பிளீச்சிங் பவுடரின் குளோரைடு அதில் அப்படியே தங்கியிருந்தது. வேறு ஊரில் இருந்திருந்தால் வடிகட்டித் தாளைத் தேடியிருப்போம். கைக்கெட்டிய இடத்தில் துணி மலையாகக் குவிந்து கிடந்ததால் இந்தத் தப்பு வந்தது. காய்ச்சி வடித்த நீரில் பலமுறை அலசிக் காயவைத்து, துணியில் ஒன்றுமில்லை என்று சோதனையில் தெரிந்த பிறகுதான் மாரிச்சாமியின் கையைத் தொட்டேன்.

எங்கள் கைகளில் இப்போது சாதாரண அளவு வந்தது. அவன் கையில் மட்டும் அது பல மடங்கு. சோதனையைத் திரும்பச் செய்தேன். மாறவில்லை.

மாசி முடியப்போகிற நேரம். அக்கினி நட்சத்திரத்துக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. மற்ற மூன்று பிள்ளைகளையும் கொன்றது எதுவென்று எங்களுக்கு இப்போது தெரிந்திருந்தது. குளிர் நாட்டில் இந்தப் பிள்ளைகள் நெஞ்சுச் சளியால் சாகிறார்கள். நம் வெயிலில் அதற்கு முன்பே உடம்பின் உப்பெல்லாம் வியர்வையாக வடிந்து சுருண்டுவிடுகிறார்கள். அப்படியானால் மருந்து மளிகைக் கடையில் கிடைப்பதுதான். உப்பு. நானே பொடித்து, எடை போட்டு, ஒரு வேளைக்கு ஒன்று என்று காகிதத்தில் மடித்துப் பேச்சியம்மாளிடம் கொடுத்தேன். தண்ணீரில் கரைத்துக் கொடுக்கச் சொன்னார் டாக்டர். அவள் பொட்டலங்களை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் அதைத் தவறாகப் புரிந்துகொண்டேன்.

வாராவாரம் வந்தாள். பொட்டலம் தீர்ந்தது என்பாள். புதிதாகக் கொடுப்பேன். ஆனால் பையன் தேறவில்லை. எடை ஏறவில்லை. டாக்டர் உப்பின் அளவைக் கூட்டினார். இன்னும் சுணங்கினான். "நாம எங்கேயோ தப்பு பண்றோம்" என்றார். நான் தராசைச் சந்தேகப்பட்டேன், துணியைச் சந்தேகப்பட்டேன், படித்த இதழ்களையே சந்தேகப்பட்டேன்.

சித்திரை பிறந்தது. ஓர் உச்சிவெயிலில் காளிமுத்து பையனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தான். பின்னால் பேச்சியம்மாள். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. ஆனால் இரண்டு ஆடுகள் மட்டும் அவர்களுக்குப் பின்னாலேயே வந்து, கேட் அருகே நின்று, உள்ளே பார்த்துக்கொண்டிருந்தன.

பையனின் தலை தொங்கியது. கண் உள்ளே போயிருந்தது. நெற்றியில், புருவத்துக்கு மேலே, வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. யாரோ திருநீறு பூசியதுபோல. நர்ஸ் ஈரத்துணியை எடுத்தபோது பேச்சியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"துடைக்காதீக! அது அம்மன் போட்ட திருநீறு. மூணு பேருக்கும் கடைசில இப்படித்தான் தன்னால வந்துச்சு. துடைச்சா கோவம் கூடிரும்."

டாக்டர் அதற்குள் நரம்பைத் தேடிக் கையில் ஊசியை ஏற்றி, சலைனைத் திறந்துவிட்டிருந்தார். நான் கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கொண்டு லேப்புக்கு ஓடினேன். உப்பு வியர்வையில் எவ்வளவு கூடுதலோ ரத்தத்தில் அவ்வளவு குறைவு. ஒரு கண்ணாடித் தகட்டில் அவன் நெற்றிப் பொடியையும் சுரண்டி எடுத்திருந்தேன். மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். சின்னச் சின்னக் கனசதுரங்கள். நாலு பக்கமும் செதுக்கியதுபோல, பளபளவென்று. ஒரு பிள்ளையின் உயிர் வெளியே வந்து, தன்னை அழகாக அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

திரும்பி வந்தபோது டாக்டர் அவளிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"நாங்க குடுத்த உப்பைக் கரைச்சுக் குடுத்தீங்களாம்மா?"

காளிமுத்துதான் வெடித்தான். "சொல்லுட்டி! எங்க கொண்டுபோய்க் கொட்டுனேன்னு சொல்லு!"

"அம்மனுக்குத்தான் போட்டேன்" என்றாள். "இவன் பொறக்கும்போதே நேந்துக்கிட்டேன் சார். இவன் வாயில உப்பு வைக்க மாட்டேன், அந்த உப்பையெல்லாம் உனக்கே தாரேன், இவனை மட்டும் விட்டுருன்னு. எங்க ஊர்ல உப்பும் மிளகும் போடுறதுதானே வழக்கம்? மூணு வருசமா இவனுக்கு உப்பில்லாக் கஞ்சிதான். நீங்க குடுத்தது நல்ல வெள்ளையா, பொடியா இருந்துச்சு. அவளுக்கு ஆகும்னு போட்டேன்."

நான் மூச்சை அடக்கித் தராசில் எடை போட்ட ஒவ்வொரு பொட்டலமும் கோயில் உப்புக் குவியலில் கிடந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாயைத் திறந்தேன். டாக்டர் என்னைப் பார்க்காமலேயே கையை லேசாக உயர்த்தினார்.

"அம்மா, உங்க விரலைக் குடுங்க" என்றார். அவள் விரலைப் பிடித்து மகனின் நெற்றியில் அந்த வெள்ளைப் பொடிமேல் வைத்தார். "இப்ப நாக்குல வைங்க."

தயங்கினாள். வைத்தாள்.

அவள் முகம் மாறியதை நான் இன்றுவரை யாருக்கும் சரியாகச் சொல்லி முடித்ததில்லை. அழவில்லை. நெடுநேரம் நாக்கைச் சுழற்றி ருசி பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "இது திருநீறு இல்ல. உப்பு."

"ஆமாம்மா."

"இவன் உடம்புலேர்ந்தா இம்புட்டும்?"

"ஆமா."

"அப்ப அவளுக்கு நான் போட்டது போதாதுன்னு, இவனும் தன் பங்குக்குப் போட்டுக்கிட்டே இருந்திருக்கான்." கேட் பக்கம் திரும்பினாள். ஆடுகள் இன்னும் நின்றன. "ஏய், போங்க! போதும் போங்க!" என்று கத்தினாள். அந்தச் சத்தத்தில் பையன் கண்ணைத் திறந்தான்.

அன்று மாலை அவன் தண்ணீர் கேட்டான். மறுநாள் காலையில் உட்கார்ந்தான். அந்தக் கத்திரியைத் தாண்டினான்.

நேர்த்திக்கு என்ன வழி என்று அவளே யோசித்து வைத்திருந்தாள். கோயில் குவியலிலிருந்து ஒரு படி உப்பைப் பூசாரியிடம் கேட்டு வாங்கிவந்தாள். "குடுத்ததைத் திருப்பித் தாரேன்னு அவளே சொல்லிட்டா. இதைத்தான் இவனுக்குக் குடுப்பேன்." நான் டாக்டரைப் பார்த்தேன். "சோதிச்சுப் பாருங்க விஜயா" என்றார். சோதித்தேன். நல்ல சோடியம் குளோரைடு. கொஞ்சம் மண், சில மிளகுகள். கரைத்து வடிகட்டி, காய்ச்சி உலர்த்தி, எடை போட்டு மடித்துக் கொடுத்தேன். பல வருடம் மாரிச்சாமிக்கு மருந்து அந்தக் குவியலிலிருந்துதான் போயிற்று.

நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அடுத்த வருடமே அந்த நினைப்பு உடைந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்தவரின் மகள் பாத்திமா. ஓயாத இருமல். வியர்வையைச் சோதித்தேன். அதே நோய். துள்ளிக் குதித்தேன் என்பதை மறைப்பானேன்? மாரிச்சாமிக்குக் கொடுத்த கணக்கிலேயே உப்பு கொடுத்தோம். அவளுக்கு முகம் வீங்கியது, வாந்தி எடுத்தாள். அவளுடைய வியர்வையில் உப்பு அவனுடையதைவிடக் குறைவுதான். ஆனால் நெஞ்சு அவனுடையதைவிட மோசம்.

டாக்டர் அன்று முழுதும் இரண்டு பிள்ளைகளின் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் சொன்னார்: "நோய்க்குத்தான் ஒரே பேரு விஜயா. பிள்ளைங்களுக்குப் பேரு வேற வேற. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா மருத்துவம் கண்டுபிடிக்கணும்."

அதுதான் எங்கள் ஆராய்ச்சி. பெரிய பேர் எதுவும் அதற்கு வைக்கவில்லை. காலையில் பிள்ளையை எடை போடு, வெயிலில் விளையாட விட்டு மத்தியானம் மறுபடி எடை போடு. குறைந்த எடைதான் வியர்வை. வியர்வையின் உப்பு ஏற்கெனவே தெரியும். இரண்டையும் பெருக்கினால் அந்தப் பிள்ளைக்கு, அந்த மாதத்துக்கு, இவ்வளவு உப்பு. கணையச் சாறு மாத்திரையைச் சாப்பாட்டோடு கொடுத்து, மலத்தில் எண்ணெய் மிதப்பது நிற்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு. சளியை வளர்த்து எந்தக் கிருமி, எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார். நெஞ்சைத் தட்டிச் சளி இளக்கவும் ஆளுக்கொரு முறை. மாரிச்சாமியைக் கவிழ்த்துப்போட்டால் போதும். பாத்திமாவை இடப்பக்கம் சாய்த்தால்தான் வரும். குழித்த உள்ளங்கையால் முதுகில் தட்ட வேண்டும். கடை திறக்கும் முன் அவளுடைய வாப்பா தட்டுவார். நான் பஸ்ஸுக்குப் போகும்போது மூடிய ஜன்னலுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் கேட்கும். தொப், தொப், தொப். யாரோ உள்ளே அடைபட்டு வெளியே வரக் கதவைத் தட்டுவதுபோல.

தொண்ணூறுகளில் ஒரு நாள் அந்தச் சத்தம் கேட்கவில்லை. அவர்கள் வீட்டு வாசலில் நிறையச் செருப்புகள் கிடந்தன. தெருமுனையில் அப்படியே நின்றுவிட்டேன். பாத்திமா பத்தாவது எழுத இருந்தாள். அவளுடைய சளியில் கடைசியாக வளர்ந்த கிருமி எங்களிடம் இருந்த எந்த மருந்துக்கும் சாகவில்லை. அதற்குப் பிறகும் பல மாதம், அந்த ஜன்னலைக் கடக்கையில் என் காது தானாக நின்று கேட்டது.

அதற்குள் வெளிநாட்டில் இந்த நோய்க்கான ஜீனைக் கண்டுபிடித்திருந்தார்கள். டாக்டர் இரண்டு பிள்ளைகளின் ரத்தத்தையும் தூரத்து நகரத்துப் பரிசோதனைக் கூடம் ஒன்றுக்கு முன்னமே அனுப்பியிருந்தார். பாத்திமாவிடம் வெளிநாடுகளில் பரவலாக உள்ள பிழை இருந்தது. மாரிச்சாமியிடம் அது இல்லை. அவனுடைய பிழை யாருடைய பட்டியலிலும் இல்லை. சேத்தூரில் ஒரே குடும்பத்துக்குள் மாமனுக்கும் மருமகளுக்குமாகக் கைமாறி, பேர்கூட இல்லாமல், அது தலைமுறைகளாக அந்த வீட்டிலேயே குடியிருந்திருக்கிறது.

"பேர் தெரியாததுக்கு மருந்து எப்படி சார் தேடறது?" என்று கேட்டேன்.

"நோயைக் கேட்டுப் பிரயோஜனமில்லை. அவரைத்தான் கேட்கணும்" என்றார். மாரிச்சாமியை அவர் கடைசிவரை "அவர்" என்றுதான் சொன்னார். இன்று டாக்டர் இல்லை. மாரிச்சாமி இருக்கிறார். செட்டியார்பட்டியில் செல்போன் கடை. இருமல் உண்டு, கத்திரியில் கடையை மத்தியானம் பூட்டிவிடுவார். நெஞ்சின் பலம் மட்டும் இப்போது வருடத்துக்கு வருடம் குறைகிறது.

அந்த இளம் டாக்டர் என்னிடம் வந்தது இதற்காகத்தான். ஜீனின் பிழைக்கு ஏற்றபடி வேலை செய்யும் மாத்திரைகள் இப்போது வந்துவிட்டன. ஆனால் பெயர் இல்லாத பிழைக்கு எது கேட்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் வருகிற செவ்வாய்க்கிழமை மாரிச்சாமியின் மூக்குக்குள் சின்னப் பிரஷ்ஷை விட்டுச் செல்களை எடுக்கப்போகிறோம். ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்பினால், வளர்ப்புத் தட்டில் அவற்றை வளர்த்து, ஒவ்வொரு மருந்தாக அவற்றின்மேல் விட்டுப் பார்ப்பார்கள். தட்டில் இருப்பது தேறினால் அவருக்கு மாத்திரை. பலிக்கும் என்று யாரும் உறுதி கொடுக்கவில்லை. கூட நின்று எடுத்துக் கொடுக்க என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

போன ஞாயிறு சேத்தூருக்குப் போய்ப் பேச்சியம்மாளிடம் விளக்கினேன். கவனமாகக் கேட்டாள்.

"அப்ப அவன் இங்க இருப்பான். அங்கயும் கொஞ்சம் இருப்பான்."

"ஆமா."

"அது உசுரோட இருக்குமா?"

"இருக்கும். வளரும்."

"முன்ன அவனுக்காகக் கோயில்ல மண்ணுல ஒரு உருவம் செஞ்சு வச்சேன், வாரது அதுக்கு வரட்டும்னு. நீங்க அவன் சதையிலேயே செய்யுதீக." முந்தானையால் விசிறிக்கொண்டாள். "அங்க வெக்கை உண்டா?"

"நம்ம உடம்புச் சூட்டுலதான் வைப்பாங்க. ஒரு தண்ணியில மிதக்கும். அந்தத் தண்ணியில உப்பு போட்டிருப்பாங்க. உப்பு இல்லேன்னா செத்துடும்."

அவள் சட்டென்று என் கையைப் பிடித்தாள். அந்தப் பிடியை எனக்குத் தெரியும். அன்று நர்ஸின் கையைப் பிடித்த அதே பிடி.

"அப்ப செவ்வாக்கெழமை பெட்டியோட ஒரு சீட்டு எழுதி விடு தாயி" என்றாள். "அவிய கண்ணளவா போட்டுறப் போறாக. இவனுக்கு எம்புட்டுன்னு ஒனக்குத்தான தெரியும்?"